மாகுலா சிதைவும் அதற்கான ஆய்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனை ஒன்றின் விழித்திரைப் பிரிவில், மருத்துவ ஆய்வுகளுக்கான ஊழியராக ஆறு வருடம் வேலை பார்த்தேன். பார்வையை அளப்பது, ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவது, அடுத்த தேதியைப் போனில் நினைவூட்டுவது எல்லாம் என் பொறுப்பு. டாக்டர் அறையில் கேட்கத் தயங்கியதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்தான் இவை. உங்கள் கண்ணுக்கு என்ன சிகிச்சை என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் “இது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்று யாராவது சொன்னால், “யாருக்கு? எதில்?” என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மாகுலா சிதைவு என்கிறார்கள். புரை மாதிரி ஆபரேஷன் செய்து சரியாக்க முடியாதா?

முடியாது. புரை என்பது கண்ணின் முன்பக்க லென்ஸ் மங்குவது. அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைத்துவிடலாம். மாகுலா என்பது கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையின் நடுப்பகுதி. சுமார் 5 மில்லிமீட்டர் அகலம்தான். நாம் நேராகப் பார்க்கும் எதுவும் அங்கேதான் விழுகிறது: முகம், எழுத்து, பஸ்ஸின் போர்டு, ஊசியின் காது. வயதாக ஆக அந்த இடத்துச் செல்கள் சிதைவதுதான் இந்த நோய்.

ஓரப் பார்வை கெடாது. இதனால் வீட்டில் ஒரு மனஸ்தாபம் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். “எதிலும் இடிக்காமல் நடக்கிறார், கீழே கிடக்கும் சில்லறையைக்கூடப் பார்த்துவிடுகிறார், ஆனால் எதிரே நிற்கும் என்னைத் தெரியவில்லை என்கிறார்” என்று மருமகள்கள் சொல்வார்கள். அவர் நடிக்கவில்லை. இந்த நோயில் பார்வை அப்படித்தான் போகும்.

‘உலர் வகை’ என்று எழுதியிருக்கிறது. கண்ணில் ஈரம் இல்லாததா? சொட்டு மருந்து போட்டால் போதுமா?

இல்லை. கண்ணீர் வற்றி உறுத்துவது வேறு பிரச்சினை. இங்கே ‘உலர்’ என்றால் விழித்திரைக்கு அடியில் கசிவு இல்லை என்று அர்த்தம். ட்ரூசன் என்னும் மஞ்சள் படிவுகள் சேர்ந்து, செல்கள் மெதுவாக, வருடக்கணக்கில் நலிகின்றன. முற்றிய நிலையில் திட்டுத் திட்டாகச் செல்கள் செத்துப்போகும். ‘ஈர வகை’யில் விழித்திரைக்கு அடியில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்து, நீரும் ரத்தமும் கசியும். அது நாட்களில், வாரங்களில் பார்வையைப் பறிக்கும். பெரும்பாலானவர்களுக்கு இருப்பது உலர் வகை. அது பிறகு ஈர வகையாக மாறலாம். சீட்டில் எது எழுதியிருக்கிறது, எந்தக் கண்ணுக்கு என்பதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே அதைப் பொறுத்தவை.

நம் ஊரில் இது அவ்வளவு இருக்கிறதா? வெள்ளைக்காரர்கள் நோய் என்கிறார்களே?

‘இண்டை’ என்ற ஆய்வில், வடக்கே டெல்லிக்கு அருகிலும் தெற்கே பாண்டிச்சேரி வட்டாரத்திலும் 60 வயது தாண்டியவர்களைப் பரிசோதித்தார்கள். முற்றிய நிலை மாகுலா சிதைவு 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேல், அதாவது 1.2 சதவீதம். 80 தாண்டியவர்களிடம் 2.5 சதவீதம். 2010-இல் முடிவு வெளியானது. நம் மக்கள்தொகைக்கு இது சின்ன எண்ணிக்கை இல்லை.

‘கண் மாத்திரை’ மாதம் ஆயிரக்கணக்கில் ஆகிறது. நிஜமாகவே பலன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. இந்த மாத்திரைகளுக்கு வேர் ‘ஏரெட்ஸ்’ என்ற அமெரிக்க ஆய்வு. அந்நாட்டு அரசின் தேசிய கண் நிறுவனம் 1992-இல் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கி, 2001-இல் முடிவை வெளியிட்டது. மாகுலா சிதைவுப் பகுதியில் மட்டும் 55 முதல் 80 வயதுக்குட்பட்ட சுமார் 3,600 பேர். வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம், துத்தநாகம் 80 மில்லிகிராம், கொஞ்சம் தாமிரம்: இதுதான் கலவை. குலுக்கல் முறையில் சிலருக்கு முழுக் கலவை, சிலருக்கு அதில் ஒரு பகுதி மட்டும், சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை.

நடுத்தர நிலையில் இருந்தவர்களிலும், ஏற்கெனவே ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களிலும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஐந்து வருடத்துக்குள் 28 சதவீதம் பேருக்கு நோய் முற்றும் நிலைக்குப் போனது. முழுக் கலவை சாப்பிட்டவர்களில் அது 20 சதவீதம். அதாவது அப்படிப்பட்ட 100 பேர் சாப்பிட்டால் எட்டுப் பேர் தப்பிக்கிறார்கள். ஐந்து வருடத்தில் எட்டுப் பேரின் பார்வை என்பது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் ஆரம்ப நிலையில் சின்னச் சின்ன ட்ரூசன் மட்டும் இருந்தவர்களில், எதைச் சாப்பிட்டாலும் ஐந்து வருடத்தில் முற்றியது நூற்றில் ஒருவருக்குத்தான். அங்கே மாத்திரையின் பலனைக் காட்ட முடியவில்லை. நோயே இல்லாதவர்கள் ‘வராமல் தடுக்க’ வாங்கிச் சாப்பிடுவதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடையாது. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவருவதும் இல்லை.

2013-இல் இரண்டாவது ஆய்வு வந்தது, 4,203 பேரோடு. பீட்டா கரோட்டின் புகைபிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பது தெரிந்திருந்ததால், அதற்குப் பதில் லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாசாந்தின் 2 மில்லிகிராம் வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. மீன் எண்ணெய் ஒமேகா-3 சேர்த்ததில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஆனாலும் கடையில் ‘ஒமேகா-3 சேர்ந்தது’ என்று கூடுதல் விலைக்குத் தருகிறார்கள். டப்பாவைத் திருப்பி அளவுகளைப் படியுங்கள். அப்பா எப்போதாவது பீடி, சிகரெட் பிடித்திருந்தால், பீட்டா கரோட்டின் இருக்கும் டப்பாவை அப்படியே கடையில் வைத்துவிட்டு வாருங்கள்.

முருங்கைக்கீரை சாப்பிட்டால் போதாதா?

கீரையில் லூட்டின் இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள். இரண்டாவது ஆய்வில், சாப்பாட்டில் லூட்டின் மிகக் குறைவாக எடுத்தவர்களுக்குத்தான் லூட்டின் மாத்திரை தெளிவாக உதவியது. ஆனால் ஆய்வு செய்யப்பட்ட அளவில் துத்தநாகமும் வைட்டமின்களும் கீரையிலிருந்து கிடைக்காது. டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் கீரை அதற்கு மாற்று ஆகாது.

கண்ணுக்குள் ஊசி என்றால் பயமாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் என்ன?

இந்தத் துறையில் என்னை அதிகம் நெகிழவைத்த ஆய்வு இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஈர வகையில் புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைப்பது விஈஜிஎஃப் என்ற புரதம். அமெரிக்காவில் நெப்போலியோன் ஃபெராராவின் குழு 1989-இல் அதைப் பிரித்தெடுத்தது. அதைத் தடுக்கும் ரானிபிஸுமாப் மருந்தை ‘மரினா’ என்ற ஆய்வில் 716 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2006 அக்டோபரில் வெளியானது. மூன்று குழு. இரண்டு குழுவுக்கு வெவ்வேறு அளவில் மருந்து, மூன்றாவது குழுவுக்குப் போலி ஊசி. மாதம் ஒருமுறை, இரண்டு வருடம்.

போலி ஊசி என்றால் வெறும் தண்ணீரைச் செலுத்துவது இல்லை. கண்ணை மரக்கவைத்து, சுத்தம் செய்து, எல்லா ஏற்பாடும் அப்படியே நடக்கும். கடைசியில் ஊசிமுனை இல்லாத சிரிஞ்சின் வாய்ப்பகுதியைக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் வைத்து லேசாக அழுத்துவார்கள். அவ்வளவுதான். படுத்திருப்பவருக்கு அந்த அழுத்தம் மட்டும் தெரியும்.

ஒரு வருடத்தில் போலி ஊசிக் குழுவினர், பார்வையை அளக்கும் பலகையில் சராசரியாகப் பத்து எழுத்து இழந்தார்கள். முழு அளவு மருந்து பெற்றவர்கள் ஏழு எழுத்து கூடுதலாகப் படித்தார்கள். மூன்றில் ஒருவர் 15 எழுத்தோ அதற்கு மேலோ முன்னேறினார். அதற்கு முன்னால் லேசரும் ஒளிச் சிகிச்சையும் (கை நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி அதைத் தூண்டுவது) இருந்தன. அவற்றால் சரிவைத் தாமதப்படுத்தத்தான் முடிந்தது. பார்வை கூடியது என்று பெரும்பாலானவர்களிடம் சொல்ல முடிந்தது இந்த மருந்துக்குப் பிறகுதான்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் கிருமித் தொற்று, இரண்டு வருட மாதாந்திர ஊசியில், மருந்து பெற்றவர்களில் 1 சதவீதம் பேருக்கு வந்தது. ஊசி போட்ட பிறகு வலி அதிகமானாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அன்றே ஓட வேண்டும்.

போலி ஊசி போட்டு இரண்டு வருடம் பார்வையை இழக்க விட்டது தப்பில்லையா?

இந்தக் கேள்வி எனக்குள்ளும் உண்டு. போலி ஊசியும் வரலாம் என்று படிவத்தில் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் சேர்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அன்றைக்கு இருந்த ஒளிச் சிகிச்சை தர இடமிருந்தது. மருந்தின் பலன் தெரிந்ததும், இரண்டாம் வருடக் கடைசியில் போலி ஊசிக் குழுவினருக்கும் மருந்து தர முன்வந்தார்கள். அதற்குள் சிலருக்குப் பார்வை போயிருந்தது, அதை மறைக்க முடியாது. அவர்கள் படித்த எழுத்துகளின் எண்ணிக்கை இல்லாமல் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லவே முடிந்திருக்காது.

இப்போது ஈர வகைக்கு வரும் புது மருந்தை, ஏற்கெனவே நிரூபணமான மருந்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். போலி ஊசி மட்டும் பெறும் குழுவில் உங்களைச் சேர்ப்பதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த ‘எழுத்து’ என்றால் என்ன? பார்வையை அதில் எப்படி அளப்பது?

நாலு மீட்டர் தூரத்தில், பின்னால் விளக்கு எரியும் ஒரு பலகை. ஒவ்வொரு வரியிலும் ஐந்து ஆங்கில எழுத்துகள், கீழே போகப் போகச் சிறியவை. ஒரு கண்ணை மூடிவிட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்ன ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பெண். ஐந்து எழுத்து என்றால் ஒரு வரி, 15 என்றால் மூன்று வரி. ஆங்கில எழுத்து தெரியாதவர்களுக்கு எண் பலகை உண்டு.

“தெரியலைம்மா” என்றால் நான் விடக் கூடாது. “ஊகித்துச் சொல்லுங்கள்” என்று ஒருமுறையாவது சொல்ல வேண்டும். சரி, தப்பு என்று முகத்தில்கூடக் காட்டக் கூடாது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நடுவில் கறுப்பாக மறைகிறது என்பதால் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பி, ஓரக் கண்ணால் எழுத்தைப் பிடிப்பார். அது அனுமதிக்கப்பட்டதுதான். மூடிய கண் எட்டிப் பார்க்கவில்லையே என்று மட்டும் நான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் அரை நிமிடம் எடுப்பார். எந்தக் குழுவில் அவர் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் என்னை அறியாமலே ஒருவரை அதிகம் ஊக்குவித்துவிடுவேன்.

விலை குறைந்த ஊசி போடுகிறார்கள். அது மட்டமான மருந்தா?

இல்லை. பெவாசிஸுமாப் குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்து. அதைக் கண்ணுக்குள் சின்ன அளவில் போட்டுப் பார்த்தவர் மயாமியைச் சேர்ந்த டாக்டர் பிலிப் ரோசன்ஃபெல்ட், 2005-இல். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ரானிபிஸுமாப் ஒரு ஊசி சுமார் 2,000 டாலர், இது சுமார் 50 டாலராக இருந்தது. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த எந்தக் கம்பெனிக்கும் அக்கறை இருக்காது. அரசுப் பணத்தில் சுமார் 1,200 பேரிடம் ‘கேட்’ ஆய்வு நடந்தது. 2011-இல் முடிவு: மாதாமாதம் போட்டவர்களில் ரானிபிஸுமாபுக்கு 8.5 எழுத்து, பெவாசிஸுமாபுக்கு 8.0 எழுத்து முன்னேற்றம். அதாவது சமம். பெவாசிஸுமாப் குழுவில் மருத்துவமனையில் சேரும் அளவுக்கான உடல்நலக் குறைவுகள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை.

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. ஒரு பெரிய குப்பியைப் பல சின்ன அளவுகளாகப் பிரித்துப் போடுவார்கள். பிரிக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் தப்பே இல்லை. ரானிபிஸுமாபுக்கே இணையான இந்தியத் தயாரிப்பு 2015-இல் இங்கே அனுமதி பெற்றுவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எது கட்டுப்படியாகும் என்று டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசலாம்.

மூன்று ஊசி போட்டாச்சு, பார்வை தெளிந்துவிட்டது. நிறுத்தலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி கசிவை அடக்குகிறது, நோயை வேரோடு எடுப்பதில்லை. ‘கேட்’ ஆய்வில் இருந்தவர்களை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். ஆய்வுக் காலம் முடிந்த பிறகு அவரவர் வசதிப்படி சிகிச்சை எடுத்தவர்கள் அவர்கள். முதலில் கிடைத்த எழுத்துகள் சராசரியாகக் கைவிட்டுப் போயிருந்தன. ஆனாலும் பாதிப் பேர் 6/12 (நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நன்றாகப் பார்த்தார்கள். மாதாமாதம் வர முடியவில்லை என்றால், இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் முறை இருக்கிறது. அஃப்லிபர்செப்ட், ஃபரிசிமாப் போன்ற பிந்தைய மருந்துகள் பலருக்கு இரண்டு மாதம், சிலருக்கு நாலு மாதம்வரை தாங்குகின்றன. பணம்தான் காரணம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் காணாமல் போனவர்கள்தான் ஒரு வருடம் கழித்து விழித்திரையில் தழும்போடு திரும்பி வந்தார்கள்.

உலர் வகைக்கும் ஊசி வந்துவிட்டதாமே?

அமெரிக்காவில் 2023-இல் இரண்டு மருந்துக்கு அனுமதி கிடைத்தது: பெக்செட்டகோப்லான், அவாசின்கேப்டாட். இங்கேதான் ‘எதில் பலன்?’ என்ற கேள்வி முக்கியம். செல்கள் சாகும் திட்டு வளரும் வேகத்தைப் பெக்செட்டகோப்லான், இரண்டு வருடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. படத்தில் அளந்தால் தெரிகிறது. ஆனால் எழுத்துப் பலகையில் போலி ஊசிக் குழுவுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாதாமாதம் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு ஈர வகை வந்தது, போலி ஊசிக் குழுவில் 3 சதவீதம். ஐரோப்பிய மருந்து முகமை இந்த மருந்தை 2024-இல் நிராகரித்தது. திட்டு மெதுவாக வளர்வது பிற்காலத்தில் பார்வையைக் காக்கலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வீட்டை அடகு வைக்கலாமா என்று ஒரு மகன் கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஸ்டெம் செல் சிகிச்சையில் குணமாகும் என்று விளம்பரம் வருகிறதே?

2017 மார்ச் 16 தேதியிட்ட ஒரே மருத்துவ இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இரண்டும் மாகுலா சிதைவு, இரண்டும் ஸ்டெம் செல்.

ஒன்று ஜப்பானில் மசாயோ தகாஹாஷியின் குழு செய்தது. 2014-இல் எழுபதுகளில் இருந்த ஒரு பெண்ணின் தோலிலிருந்து செல் எடுத்து, மாதக்கணக்கில் வளர்த்து, விழித்திரைக்கு அடியில் ஒரு மெல்லிய ஏடாக, ஒரே கண்ணில் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை, கட்டி எதுவும் வரவில்லை. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றம் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

மற்றது அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு கிளினிக். 72 முதல் 88 வயதுக்குட்பட்ட மூன்று பெண்கள், ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை, ஒரே நாளில், இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் விழித்திரை பிரிவது, ரத்தம் கட்டுவது போன்ற பாதிப்புகள் வந்தன. ஒரு வருடம் கழித்து, அவர்களில் நன்றாகத் தெரிந்த கண்ணிலும் 6/60-க்கு மேல் இல்லை. ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. இது பதிவேட்டில் ‘ஆய்வு’ என்று இடம்பெற்றிருந்தது. ஆகவே பதிவு எண் இருக்கிறது என்பதே போதாது.

சோதனை மருந்துக்குப் பணம் கேட்டாலோ, இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் என்றாலோ, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கண்ணில் சிப் வைத்தால் படிக்க முடிகிறதாம், உண்மையா?

உண்மை. ‘ப்ரிமா’ என்பது 2 மில்லிமீட்டர் சதுரச் சிப். நோய் முற்றிய உலர் வகையில் விழித்திரைக்கு அடியில் வைக்கிறார்கள். கேமரா பொருத்திய கண்ணாடி, படத்தை அகச்சிவப்பு ஒளியாகச் சிப்பின் மேல் பாய்ச்சுகிறது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 38 பேருக்கு வைத்து, ஒரு வருடம் கழித்து 32 பேரைச் சோதித்ததில் 26 பேரின் பார்வை குறிப்பிடத்தக்க அளவு கூடியது. 2025 அக்டோபரில் வெளியான முடிவு. தெரிவது வண்ணமில்லாத பார்வை, அதற்கும் பல மாதப் பயிற்சி வேண்டும்.

வெளிநாட்டில் நடந்த ஆய்வு நம் கண்ணுக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஏரெட்ஸ், மரினா ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஆசியர்களிடம் ஈர வகையில் ஒரு தனி ரகம் கூடுதலாகக் காணப்படுகிறது. குழாய்களின் நுனி மொட்டு மாதிரி உப்பியிருக்கும், ‘பாலிப்’ என்பார்கள். கை நரம்பில் பச்சைச் சாயம் ஏற்றி எடுக்கும் படத்தில்தான் தெளிவாகத் தெரியும். சிங்கப்பூர் மருத்துவர்கள் முன்னின்று, ஆசிய நோயாளிகள் 322 பேரிடம் நடத்திய ‘எவரெஸ்ட்-2’ ஆய்வில், ஊசி மட்டும் பெற்றவர்களுக்கு 5.1 எழுத்து கூடியது, ஊசியோடு ஒளிச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு 8.3. பாலிப் முழுதாக மூடியது 35 சதவீதத்துக்கு எதிராக 69 சதவீதம். வெள்ளையர்களை வைத்து ஓரங்கட்டப்பட்ட ஒளிச் சிகிச்சை நம்மவர்களில் சிலருக்கு இன்னும் உதவுகிறது என்பது அதனால்தான் தெரிந்தது. ஊசி சரியாகப் பிடிக்கவில்லை என்றால், “பாலிப் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?” என்று கேளுங்கள்.

ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

முதலில், படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அன்றே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்துவது முறை இல்லை. தமிழில் இருக்க வேண்டும். படிக்க முடியாதவருக்கு, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். மாகுலா சிதைவு உள்ளவர்கள் படிக்க முடியாதவர்கள்தானே! நான் வாசிக்கும்போது ஒரு பாட்டி ஒவ்வொரு பக்கத்துக்கும் “இதுல என் கண்ணு போயிடும்னு எங்க எழுதியிருக்கு?” என்று கேட்பார். பதினோராம் பக்கத்தில் இருந்தது. அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். எல்லோரும் அப்படிக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்புறம் இவற்றைக் கேளுங்கள். எந்தக் கண்? எனக்குச் சோதனை மருந்து கிடைக்காவிட்டால் என்ன கிடைக்கும்? ஆய்வு முடிந்ததும் மருந்து தொடருமா? எத்தனை தடவை வர வேண்டும், பஸ் செலவு யாருடையது? இந்தியாவில் ஆய்வுகள் தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஜூனிலிருந்து இது கட்டாயம். 2019 விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. படிவத்தின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். அதில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவில் விலகினால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். உங்கள் வழக்கமான சிகிச்சையை அதற்காக யாரும் நிறுத்தக் கூடாது. போன் எடுக்காமல் இருப்பதைவிட, “வரவில்லை” என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு பரிசோதனைக்கு மட்டும் வந்தால் உங்கள் கண்ணுக்கும் நல்லது.

வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

சுவிஸ் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் பெயரில் ஒரு கட்டத் தாள் உண்டு, டாக்டரிடம் கேட்டால் தருவார். தாள் இல்லாவிட்டால் ஜன்னல் கம்பியும் குளியலறை டைல்ஸும் போதும். படிக்கும் கண்ணாடியோடு தாளைப் பாருங்கள், ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பிறகு மற்றதை. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். ஒரு அம்மா கண்ணில் தூசி விழுந்து, அந்தக் கண்ணைக் கசக்கியபடி வாசலில் நின்றபோதுதான் கேட் கம்பிகள் நடுவில் வளைந்து தெரிவதைக் கண்டார். அன்றைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நேர்கோடு புதிதாக வளைந்தாலோ, நடுவில் திட்டு விழுந்தாலோ, அடுத்த மாதம் தேதி இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். அதே வாரத்தில் போய்விடுங்கள், “கோடு வளைந்து தெரிகிறது” என்ற வார்த்தையை வரவேற்பிலேயே சொல்லுங்கள்.